கொசுறாக வந்த பச்சை

அந்தக் கடைவீதியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் தேவை வந்ததில்லை. முகத்துக்கு நேரே "முதலாளி". முதுகுக்குப் பின்னால் "அரைவிலை". எந்தப் பொருளுக்கு எவர் என்ன விலை சொன்னாலும் அதில் பாதியிலிருந்துதான் அவர் வாய் திறக்கும். ஒருமுறை பல்வலி தாங்காமல் கன்னத்தைக் கையில் ஏந்திக்கொண்டு பல் டாக்டரிடம் போனவர், நாற்காலியில் சாய்ந்து கிடந்தபடியே, "பக்கத்துப் பல்லும் லேசா ஆடுது டாக்டர், ரெண்டையும் சேர்த்து எடுத்தா என்ன போட்டுக் குடுப்பீங்க?" என்று கேட்டாராம். பக்கத்துப் பல் ஆடவே இல்லை. பேரத்துக்காக அதை ஆட்டிவிட்டிருக்கிறார்.

தொழில், பித்தான் கடை. பித்தான், நூல்கண்டு, ஜிப், கொக்கி, லைனிங் துணி என்று தையல்காரர்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கே உண்டு. தையல்காரர்களுக்கு வேண்டாததையும் அவர் எப்படியாவது பையில் போட்டு அனுப்பிவிடுவார். விற்கிற இடத்தில் அவருக்கு எத்தனையோ தந்திரம் இருந்தது. வாங்குகிற இடத்தில் இரண்டே இரண்டு கொள்கைதான். ஆசையை முகத்தில் காட்டக் கூடாது. கொசுறு வாங்காமல் படி இறங்கக் கூடாது. அப்பா காலத்திலிருந்து கைகொடுத்து வந்த அந்த இரண்டும் அவரைக் காலை வாரிவிட்டது ஒரு மீன் தொட்டி விஷயத்தில்.

தொட்டி அவருடையது அல்ல. மனைவியின் தம்பியுடையது. மச்சினன் கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் பாதி கடலில் இருப்பான். போன தடவை கப்பல் ஏறும் முன்பு தொட்டியை மீன்களோடு அக்கா வீட்டில் கொண்டுவந்து இறக்கினான்.

"அக்கா, உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். மாமா கையில மட்டும் குடுத்துடாத. அவர் கைக்குப் போனது எதுவும் பாதிதான் திரும்பி வரும்."

சொன்னவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். மாமாவும் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"இவர்கிட்ட ஒப்படைச்சது எதுவும் இதுவரைக்கும் குறைஞ்சதில்லடா. இவரே பாத்துக்குவார். வரும்போது ஒண்ணொண்ணா எண்ணி வாங்கிக்கோ."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், அடுத்தவர் முன்னால் அவள் தன்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த வார்த்தை காதை விட்டு நழுவிவிடாமல் பஞ்சு வைத்து அடைத்துக்கொள்ளலாமா என்றிருந்தது அவருக்கு.

தொட்டி முதலில் வீட்டு நடையில் இருந்தது. "இருட்டுல கிடந்தா அதுங்களுக்குப் பொழுது போக வேணாமா?" என்று சொல்லிச் சில நாளிலேயே அவர் அதைக் கடைக்குக் கொண்டுபோய்விட்டார். உண்மைக் காரணம் வேறு. மீனை வேடிக்கை பார்க்கிற வாடிக்கையாளர் விலையைச் சரியாகக் காதில் வாங்குவதில்லை என்பதை அவர் கவனித்திருந்தார். அதனால் தொட்டிக்குக் கடையிலேயே நல்ல இடம் கிடைத்தது. வாசலை ஒட்டி, காலை வெயில் நேராக வந்து விழுகிற இடம்.

"வெயில்ல எதுக்குங்க?" என்றாள் மனைவி.

"வெளிச்சம் பட்டாத்தானே சரக்கு தெரியும்," என்றார் அவர்.

மீன்களில் ஒன்று பெரிய மோலி. கறுத்துக் கொழுத்து, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, மற்ற மீன்களெல்லாம் ஓடியாடித் திரியும்போது, செடி நட்டிருந்த மூலையில் அசையாமல் நிற்கும். தீவனம் விழுந்ததும் முதல் ஆளாக மேலே வரும். தின்றுவிட்டு மறுபடி மூலைக்குப் போய்விடும். அவர் அதற்கு "மாப்பிள்ளை" என்று பெயர் வைத்தார். "வந்த அன்னிக்கு இருந்து ஒரு வேலை செய்யல, ஒரு வேளை சாப்பாடு தவறல, பாருங்க," என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். ஆனால் காலையில் கடை திறந்ததும், கல்லாவைத் தொடுவதற்கு முன்பு, தொட்டிக் கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உட்காருவார். மாப்பிள்ளையும் மூலையிலிருந்து மெதுவாகத் திரும்பி, "வந்துட்டியா, சரி" என்பதுபோல் ஒரு பார்வை பார்க்கும். கடைவீதியில் அவரிடம் எதுவும் குறைத்துக் கேட்காத ஜீவன் அது ஒன்றுதான்.

பிறகு தண்ணீர் நிறம் மாற ஆரம்பித்தது. அவர் நூல்கண்டு நிற அட்டையைத் தொட்டிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதலில் இளம்பச்சை. அடுத்த வாரம் கிளிப்பச்சை. அதற்கும் அடுத்த வாரம் அட்டையில் அந்த வரிசையே முடிந்துவிட்டது.

"முதலாளி," என்றார் எதிர்க்கடைத் தையல்காரர், "இந்த பிளவுஸுக்கு நூல் நிறம் ஒத்துப்போகல. இந்தத் தண்ணியில ஒரு முக்கு முக்கிக்கட்டுமா?"

"முக்கிக்கோ. சாயக் கூலி தனி," என்றார் அவர்.

மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்த மனைவி டப்பாவை மேஜையில் வைக்காமலே தொட்டி முன்னால் நின்றுவிட்டாள்.

"என்னங்க இது?"

"தண்ணி."

"தண்ணின்னு தெரியுது. என் தம்பிகிட்ட என்ன சொல்றது? உன் மாமா உன் மீனை வெறும் பச்சைத்தண்ணியில வளர்த்தார்னு சொல்லட்டுமா? பொய்யும் இருக்காது."

"லேசா நிறம் ஏறியிருக்கு. அவ்வளவுதான்."

"மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வரானாம். இப்பத்தான் போன் பண்ணான். முதல் வேலையா மீனைப் பாக்கணுமாம்." அவள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தாள். "நான் வாக்குக் குடுத்திருக்கேங்க. எண்ணி வாங்கிக்கோன்னு சொல்லியிருக்கேன். இதுல எங்க எண்ணுறது?"

அந்த வார்த்தையை அவள் மறக்கவில்லை. அவர் மட்டும் மறப்பாரா? அன்று சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்துவிட்டுக் கிளம்பினார்.

இரண்டு தெரு தள்ளி வண்ணமீன் கடை. சுவர் முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள், காதை விட்டுப் போகாத குமிழிச் சத்தம், எப்போதும் ஈரமான தரை. நடுவில் ஒரு முக்காலியில் கடைக்காரி. அவளை எல்லோரும் மீனம்மா என்பார்கள். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். விலை சொல்லும்போது மட்டும் எடுத்து மாட்டிக்கொள்வாள். அதைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது, இது நம்ம ஜாதி வியாபாரி என்று.

"வாங்கண்ணே. என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். இந்தப் பக்கம் வந்தேன், காத்து வந்துது, நுழைஞ்சேன்."

ஃபில்டர் அடுக்கியிருந்த பக்கம் தவிர மற்ற எல்லாப் பக்கமும் பார்த்தார். கூழாங்கல்லைக் கையில் எடுத்து எடை போட்டார். பிளாஸ்டிக் பாறை ஒன்றை விசாரித்தார். கடைசியில், தற்செயலாகக் கண்ணில் பட்டதுபோல, "அது என்ன, ஃபில்டரா? இப்பல்லாம் மீனுக்கு இதெல்லாம்கூடப் போடறாங்களா?" என்றார்.

"தண்ணி கலங்குதாண்ணே?"

"என் தொட்டி இல்ல. தெரிஞ்சவங்களோடது."

"வெள்ளைக் கலங்கலா, பச்சையா?"

நிறத்தைச் சொன்னால் அவசரம் தெரிந்துவிடும். அவசரம் தெரிந்தால் விலை ஏறும். "லேசா மங்கல். பச்சைன்னு சொல்ல முடியாது. பச்சை மாதிரி ஒரு எண்ணம் வரும், அவ்வளவுதான்."

"வெயில் படுதா?"

வெயில் என்றால் வாசல், வாசல் என்றால் கடை, கடை என்றால் கையில் காசு. அவர் உஷாரானார். "வெயிலா? சூரியன் உருண்டையா சதுரமான்னே அந்த மீனுங்களுக்குத் தெரியாது."

"தீவனம் எவ்வளவு போடறாங்க?"

"ஏதோ ஒரு சிட்டிகை. அதுவும் ஞாபகம் வந்தா."

மீனம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அவர் சொன்ன தொட்டிக்கு, அதாவது இருட்டில், அரைப்பட்டினியில், லேசாக மங்கியிருக்கிற அந்தத் தொட்டிக்கு, ஒரு சின்ன ஸ்பாஞ்சு ஃபில்டர் போதும் என்றாள். விலை சொன்னாள். அவர் பாதி சொன்னார். அவள் சிரித்தாள். அவர் எழுந்தார். அவள் உட்காரச் சொல்லவில்லை. அவராகவே உட்கார்ந்தார். எல்லாம் முறைப்படி நடந்து, இரண்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் வருத்தம் வருகிற ஒரு இடத்தில் விலை நின்றது.

"இந்தத் தீவன டப்பா?" என்றார் அவர், படி இறங்கும் இடத்தில்.

"அது தனிண்ணே."

"தனியா இருந்தா அதுக்குப் பொழுது போகாதும்மா. இதோட சேர்த்துப் போடுங்க."

போட்டாள். அவர் கொசுறோடு கடைக்குத் திரும்பினார்.

காசு கொடுத்து வாங்கிய தீவனத்தைத்தான் அவர் அதுவரை ஒரு சிட்டிகை என்று அளந்து போட்டு வந்தார். சும்மா வந்ததை எதற்குப் பிடித்து வைப்பது? வருகிற வாடிக்கையாளருக்கெல்லாம் ஒரு பிடி தூவி, மாப்பிள்ளை மேலே வருகிற அழகைக் காட்டினார். ஸ்பாஞ்சு ஃபில்டர் ஒரு மூலையில் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

அடுத்த தடவை அவர் போனபோது முகத்தில் கோபத்தை ஏற்றிக்கொண்டு போனார். வாங்கப் போகிறவன் கோபமாகப் போவது நல்லது.

"உங்க ஃபில்டர் தூங்குதும்மா. குறட்டைச் சத்தம் மட்டும்தான் வருது."

"பச்சை ஏறிடுச்சாண்ணே?"

"பச்சைன்னு யாரு சொன்னா? மங்கல்தான். கொஞ்சம் பிடிவாதமான மங்கல்."

மீனம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வெயில், தீவனம் என்று அதே கேள்விகளைக் கேட்டாள். ஒருமுறை சொன்ன விலையிலிருந்து இறங்காதவரைப் போலவே அவரும் ஒருமுறை சொன்ன பொய்யிலிருந்து இறங்கவில்லை. அப்படியானால் அழுக்கை இழுக்கிற வேகம் போதவில்லை போலிருக்கிறது என்று சொல்லி, வெளியே வைக்கிற பெட்டி ஃபில்டர் ஒன்றை எடுத்து வைத்தாள். தொட்டித் தண்ணீரைக் குழாயால் உறிஞ்சி, பெட்டிக்குள் பஞ்சில் வடிகட்டி, திரும்ப அனுப்புகிற சாமான். இந்த முறை பேரம் நீண்டு, நடுவில் டீ வாங்கிக் குடித்து, டீக்கு யார் காசு கொடுப்பது என்று ஒரு கிளைப் பேரம் நடந்து முடிந்தது. கொசுறாக ஒரு விளக்குக் கேட்டார். தொட்டியில் செடி வளர்க்கிறவர்களுக்கான பளீரென்ற விளக்கு. ரொம்ப நாளாக விற்காமல் கிடந்ததால் அவளும் அதிகம் முரண்டவில்லை.

பெட்டி ஃபில்டரின் உறிஞ்சுகுழாய் வாயில் கை வைத்துப் பார்த்தபோது அவருக்குத் திக்கென்றது. விரலையே பிடித்து இழுத்தது. மாப்பிள்ளையின் வால் என்ன ஆவது? கடையிலிருந்த வலைத்துணியிலேயே மெல்லிய ரகமாக ஒரு துண்டு வெட்டி, குழாய் வாயில் சுற்றி, நூல் போட்டுக் கட்டினார். காசு கிடைக்காத இடத்தில் அவர் துணி வெட்டியது அன்றைக்குத்தான். விளக்கையும் மாட்டினார். சும்மா வந்த விளக்கு என்பதால் கடை திறந்தது முதல் மூடுகிறவரை அது எரிந்தது.

அதன் பிறகு தொட்டிக்குள் எதுவுமே தெரியவில்லை. எப்போதாவது ஒரு சின்ன மீன் கண்ணாடியை ஒட்டி வந்து, தான் உயிரோடிருப்பதைக் காட்டிவிட்டு உள்ளே போகும். மாப்பிள்ளை வரவே இல்லை. தட்டினார். தீவனம் தூவித் தட்டினார். ஒன்றுமில்லை. கையை விட்டுத் துழாவிப் பார்க்கலாம் என்று சட்டைக் கையை மடித்தவர், எதுவாவது கையில் அசையாமல் தட்டுப்பட்டுவிட்டால் என்று நினைத்து, மடித்த கையை இறக்கிவிட்டுக்கொண்டார். மனைவியிடம் சொல்லவில்லை.

"மாப்பிள்ளை எப்படி இருக்கார்?" என்று அவள் ஒவ்வொரு மதியமும் கேட்டாள்.

"உள்ள இருக்கார். கொஞ்சம் வெக்கப்படறார்."

"உங்ககிட்ட இருந்து வெக்கத்தைக் கத்துக்க வழியில்லையே," என்று அவள் டப்பாவைத் திறந்தாள். ஆனால் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பதையும், வாய்க்குக் கொண்டுபோகாததையும் பார்த்துவிட்டாள். டப்பாவை மூடிவிட்டு, "கிளம்புங்க. அந்த மீன் கடைக்கு நானும் வரேன்," என்றாள்.

"நீ எதுக்கு? அங்க பேச்சு வேற மாதிரி இருக்கும்."

"அதுக்குத்தான் வரேன்."

வழியெல்லாம் அவளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டு போனார். வாயைத் திறக்காதே. எதையும் உற்றுப் பார்க்காதே. நான் எழுந்தால் நீயும் எழு. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைப் படியில் கால் வைத்ததும் நேராக மீனம்மாவின் முன்னால் போய் நின்றாள்.

"அம்மா, தொட்டி எங்களோடது. இவர் கடை வாசல்ல நல்ல வெயில்ல வெச்சிருக்கார். வர்றவங்களுக்கெல்லாம் வேடிக்கை காட்டத் தீவனத்தை அள்ளி அள்ளிப் போடறார். நீங்க குடுத்த விளக்கு காலையில இருந்து ராத்திரி வரைக்கும் எரியுது. தண்ணி கீரையை அரைச்சு ஊத்தின மாதிரி இருக்கு. மீன் என் தம்பியோடது. ஞாயித்துக்கிழமை வரான். என்ன பண்ணலாம் சொல்லுங்க."

அவருக்கு நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்ததுபோல் இருந்தது. ஒரே மூச்சில் ஆசை, அவசரம், நிலவரம், கெடு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாளே. இனி என்ன பேரம்? மிச்சம் இருப்பது பர்ஸை அப்படியே மேஜையில் வைப்பதுதான்.

மீனம்மா முக்காலியிலிருந்து இறங்கினாள். அவரைப் பார்த்து, கோபமில்லாமல், கொஞ்சம் ரசித்த மாதிரியே சொன்னாள்: "ஏண்ணே, இதை முதல்லயே சொல்லியிருந்தா என்ன?"

"எந்த வியாபாரிம்மா முதல்லயே சொல்லுவான்? நீங்க சொல்லுவீங்களா?"

அவள் யோசித்தாள். "மாட்டேன்," என்று ஒப்புக்கொண்டாள். "ஆனா டாக்டர்கிட்டயாவது சொல்லுவேன்."

"இவர் அங்கேயும் சொல்ல மாட்டார்," என்றாள் மனைவி. "ஆடாத பல்லை ஆடுதுன்னு சொன்னவர்."

"பாருங்கண்ணே. இது அழுக்கு இல்ல. பாசி. உயிருள்ளது. வெளிச்சமும் தீவனமும் கிடைக்கக் கிடைக்க நிமிஷத்துக்கு நிமிஷம் வளரும். நான் ஒவ்வொரு தடவையும் ஃபில்டரை வித்தேன். நீங்க ஒவ்வொரு தடவையும் பாசிக்குச் சாப்பாட்டையும் வெளிச்சத்தையும் கொசுறா வாங்கிட்டுப் போயிருக்கீங்க."

வாழ்க்கையில் அவர் வாங்கிய கொசுறில் நஷ்டம் வந்தது என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

"அந்தப் பெட்டி ஃபில்டர் பெரிசாச்சே? அது ஏன் பிடிக்கல?" என்றாள் மனைவி.

"பொடிப்பொடி பாசிம்மா. பஞ்சுக்குள்ள புகுந்து வந்துடும். கொட்டின பித்தானை வலை போட்டு அள்ளிடலாம். துணியில இருந்து போன சாயத்தை வலை போட்டு அள்ள முடியுமா?"

இது அவருக்குப் புரிந்தது. புரிந்த வேகத்தில் முகத்தை மாற்றிக்கொள்ளக்கூட மறந்துவிட்டார். "அப்போ எது வேணும்?"

அவள் உள்ளே போய் ஒரு நீளமான கறுப்புக் குழாயைக் கொண்டுவந்தாள். உள்ளே ஒரு விளக்கு இருக்கிறதாம், யூவி விளக்கு. வெளியே தெரியாது, மீன் மேலேயும் படாது. பெட்டி ஃபில்டரிலிருந்து திரும்பி வருகிற தண்ணீர் இந்தக் குழாய் வழியாகப் போகும்போது பாசி செத்துக் கட்டிக்கொள்ளும். கட்டிக்கொண்டதைப் பெட்டிப் பஞ்சு பிடித்துவிடும். "தொட்டியைத் துணி போட்டு மூடிடுங்க. தீவனத்தை நிறுத்துங்க, சாக மாட்டாங்க. ஞாயித்துக்குள்ள தெளியும்னுதான் நினைக்கிறேன். சத்தியம் பண்ண மாட்டேன்."

"விலை?"

மூக்குக்கண்ணாடி ஏறியது. விலை வந்தது. அவர் நாக்கு, பழக்க தோஷத்தில், பாதியை எடுத்து நுனிக்குக் கொண்டுவந்துவிட்டது.

"ஒரே விலைண்ணே. அதோட ஒரு நிபந்தனை இருக்கு. இதுக்குக் கொசுறு கிடையாது. ஏற்கெனவே வாங்கின கொசுறையும் திருப்பிக் கொண்டுவந்து குடுக்கணும்."

கொசுறைத் திருப்பிக் கொடுப்பதா? விற்ற சரக்கைத் திருப்பி வாங்கியிருக்கிறார், வேண்டாவெறுப்பாக. கொடுத்த வாக்கைக்கூடச் சிலபேர் திருப்பி வாங்கிப் பார்த்திருக்கிறார். கொசுறு திரும்பிப் போய் அவர் பார்த்ததே இல்லை. அப்பா இருந்தால் இப்போது கல்லாவில் தலையை முட்டிக்கொண்டிருப்பார்.

மனைவி தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு தொட்டியில் மாப்பிள்ளை மாதிரியே ஒரு கறுப்பு மோலி மூலையில் நின்றிருந்தது. அவரும் பார்த்தார். அது மெதுவாகத் திரும்பி இவரைப் பார்த்தது. வந்துட்டியா, சரி, என்று அது சொல்லவில்லை. அதற்கு இவர் யாரென்று தெரியாது.

"சரி. கட்டிக் குடுங்க," என்றார்.

சொன்ன விலையைச் சொன்னபடி எண்ணிக் கொடுத்தார். மீனம்மா வாங்கிய பணத்தை ஒருமுறைக்கு இருமுறை திருப்பிப் பார்த்தாள். அவரிடமிருந்து வந்ததால் அதில் ஏதாவது சூது இருக்குமோ என்று அவளுக்கே சந்தேகம். அன்று மாலையே விளக்கையும் பாதி தீர்ந்த தீவன டப்பாவையும் கொண்டுபோய் அவள் மேஜையில் வைத்தார்.

"டப்பா பாதிதான் இருக்கு," என்றாள் மீனம்மா.

"என் கைக்குப் போனது பாதிதான் திரும்பி வரும்மா," என்றார் அவர். அதைச் சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று நினைவுக்கு வந்தது. மனசு சுருக்கென்றது.

தொட்டியை வாசலிலிருந்து உள்ளே நகர்த்தி, கறுப்பு லைனிங் துணியைப் போர்த்தினார். மறுநாள் முழுக்க விசாரிப்பு.

"யாரு முதலாளி தவறினது?" என்று குரலை இறக்கிக் கேட்டார் தையல்காரர்.

"பேரம்," என்றார் அவர். "போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தது."

துணியைத் தூக்கிப் பார்க்கக் கூடாது, வெளிச்சம் உள்ளே போய்விடும் என்று மீனம்மா சொல்லியிருந்தாள். அவர் தூக்கவில்லை. காலையில் துணிமேலேயே ஒரு தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். உள்ளே யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாமல் தட்டுவது கஷ்டமாகத்தான் இருந்தது.

ஞாயிறு வந்தது. மச்சினன் சொன்னதைவிட முன்னாலேயே வந்தான். பெட்டியை வீட்டில் போட்டுவிட்டு, சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிய அக்காவுடன் நேராகக் கடைக்கு வந்துவிட்டான். வெயிலில் காய்ந்து கறுத்து, கப்பலில் தான் சமைத்ததையே தின்று உருண்டிருந்தான்.

"என்ன மாமா, தொட்டிக்குக் கறுப்புத் துணி? பாதி போயிடுச்சா, முழுசாவா?"

"வந்தவன் முதல்ல உக்காரு. பச்சைத்தண்ணி குடிக்கிறியா?"

"அதைத்தான் தொட்டியிலயே ஸ்டாக் வெச்சிருந்தீங்களாமே. அக்கா சொன்னா."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் நூல்கண்டு அட்டையை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஆனால் துணியின் ஒரு ஓரத்தை அவர் பிடித்தபோது, மறு ஓரத்தை வந்து பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள்.

தண்ணீர் இருந்த இடமே தெரியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாட்டியிருந்த ஜிப் வரிசை துல்லியமாகத் தெரிந்தது. மச்சினன் குனிந்து விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தான். சின்ன மீன்கள் எல்லாம் இருந்தன. எண்ணிக்கொண்டே போனவன் விரல் நின்றது.

"மாமா, பெரிசு எங்க? அந்தக் கறுப்பு?"

அவர் செடிக்குப் பின்னால் இருந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் தூக்கிக் கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டினார்.

செடி அசைந்தது. பின்னாலிருந்து, ஒரு அவசரமும் இல்லாமல், கறுப்பாக மாப்பிள்ளை வெளியே வந்தது. வயிறு வற்றி ஆளே பாதியாகியிருந்தது. அவரைப் பார்த்தது. அதே பார்வை.

"மெலிஞ்சு போயிட்டாரே மாப்பிள்ளை," என்றார் அவர்.

"யாரு மாப்பிள்ளை?" என்றான் மச்சினன்.

"இவர்தான். வேலை செய்ய மாட்டார், சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வேணும். அதான் பேரு."

மச்சினன் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. "மாமா. அது பொம்பளை. அங்க பாருங்க."

செடியின் அடியில், இலைக்கு இலை, பித்தான் துளை அளவுக்குக் கறுப்புப் பொடிகள் நடுங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் கண் இருந்தது. வால் இருந்தது. மச்சினன் எண்ணப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

"மாப்பிள்ளைக்குப் பிரசவம் பாத்திருக்கீங்க," என்றாள் மனைவி.

"சாதாரணமா பெரிய மீனே குஞ்சைத் தின்னுடும் மாமா. தண்ணி பச்சையா இருந்ததால கண்ணுக்குத் தெரியாம தப்பிச்சிருக்கு. அந்தப் பச்சையிலேயே அதுங்களுக்குத் தீனியும் கிடைச்சிருக்கும்." குனிந்து உறிஞ்சுகுழாயைப் பார்த்தான். "இந்த வலைத்துணியை யாரு கட்டினது? இது இல்லேன்னா எல்லாம் ஃபில்டருக்குள்ள போயிருக்கும்."

"நான்தான். வால் மாட்டிக்கும்னு."

மச்சினன் நிமிர்ந்தான். அக்காவைப் பார்த்தான். அவள் புருவத்தை மட்டும் தூக்கினாள்.

"ஒத்துக்கறேன்கா. குறையல. குடுத்ததைவிட அதிகமாத்தான் இருக்கு."

"நான்தான் சொன்னேனே," என்றாள் அவள், அலட்சியமாக. ஆனால் டப்பாவிலிருந்து அவருக்குச் சோறு எடுத்து வைத்தபோது எப்போதையும்விட ஒரு கரண்டி கூடவே விழுந்தது. அவர் கவனித்தார். இந்த மாதிரிக் கொசுறை அவர் இதுவரை கேட்டு வாங்கியதில்லை.

"சரி மாமா, நாளைக்கு ஆளோட வந்து தொட்டியை எடுத்துக்கறேன். பாத்துக்கிட்டதுக்குக் குஞ்சுல பாதி உங்களுக்கு. உங்களுக்குப் பிடிச்ச கணக்கு."

மீனம்மாவின் கடைக்கு முதலில் போன அன்று அவர் கூழாங்கல்லை எடை போட்டார், பிளாஸ்டிக் பாறையை விசாரித்தார். இன்று அப்படி எதையும் தேடி அவர் கண் போகவில்லை. சோற்றில் கை வைத்தபடியே சொன்னார்.

"குஞ்சு வேணாம்டா. எல்லாத்தையும் நீயே எடுத்துக்கோ. எனக்கு அந்தப் பெரிசு வேணும்."

"எது, மாப்பிள்ளையா?"

"அதான். காலையில அது இல்லேன்னா எனக்குக் கடை திறந்த மாதிரியே இருக்காது."

மச்சினன் மேஜையில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினான். அவன் முகத்தில் அவருக்கு நன்றாகப் பழக்கமான ஒரு களை வந்தது. கல்லாவுக்குப் பின்னால் உட்காரும்போது கண்ணாடியில் அவர் பார்க்கிற அதே களை.

"ஆசையைக் காட்டிட்டீங்களே மாமா. இப்போ விலை ஏறிடுமே."

"சொல்லு."

"நான் லீவு முடிஞ்சு போற வரைக்கும் உங்க வீட்டுலதான் சாப்பாடு. மூணு வேளையும். நான் கப்பல்ல ஊருக்கெல்லாம் பரிமாறுறவன், அதனால இங்க நீங்கதான் எனக்குப் பரிமாறணும். கேட்கிறதுக்கு முன்னாடியே வந்து வைக்கணும். மாப்பிள்ளைக்கு வைக்கிற மாதிரி."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். தொட்டிக்குள் மாப்பிள்ளை தன் மூலைக்குத் திரும்பி, இந்த வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல் நின்றது.

அவர் விரலை வழித்துச் சாப்பிட்டு, டப்பா மூடியை நிதானமாகத் திருகி மூடினார்.

"பாதி லீவு," என்றார்.